நன்றி போய்ச் சேர வேண்டிய முகவரி

“தனியாத்தான் போகோணுமாங்ப்பா?”

முந்தின நாள் ராத்திரி சமையலறை வாசலில் நின்று மகள் கேட்டாள். நான் சப்பாத்திக்குள் சர்க்கரை தூவிச் சுருட்டி, அலுமினியத் தாளில் மடித்துக்கொண்டிருந்தேன். அறுபத்தொரு வயதில் அமெரிக்காவுக்கு வருகிற அப்பாக்களுக்கு என்று ஒரு வேலைப்பட்டியல் உண்டு. பேரனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட வேண்டும், இந்தியக் கடையில் கறிவேப்பிலை விலையைப் பார்த்து மலைக்க வேண்டும், சாயங்காலம் குடியிருப்பைச் சுற்றி நாலு ரவுண்டு நடக்க வேண்டும். மலையேறப் போகிறேன் என்றதே அவளுக்கு ஒப்பவில்லை. அதிலும் தனியாக.

“தனியாத்தான்.”

“அப்பச் சரி. எந்தப் பக்கம் ஏறறீங்க, எந்தப் பக்கம் எறங்கறீங்க, எத்தன மணிக்குத் திரும்புவீங்க, என்ன கலர் ஜெர்க்கின், எல்லாத்தையும் எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போங்க. ஆறு மணி வரைக்கும் பாப்பேன். ஆறரைக்கு 911க்குப் போன் போட்டுருவேன்.”

எழுதி ஒட்டினேன். ஏறுவது ஃபாலிங் வாட்டர்ஸ் பாதை. முகட்டின் மேலேயே நடந்து லஃபாயட் சிகரம். இறங்குவது ஓல்டு பிரிடில் பாதை. மொத்தம் 14 கிலோமீட்டர். மதியம் 1 மணிக்குள் லஃபாயட்டைத் தொடவில்லை என்றால் எங்கே நிற்கிறேனோ அங்கிருந்தே வந்த வழியில் திரும்பிவிடுவது. நீல ஜெர்க்கின்.

ஒட்டும்போதே ஒரு நெருடல். ஃபிரிட்ஜில் இப்படி ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போகிறவன் எந்தக் கணக்கில் ‘தனியாக’ப் போகிறான்?

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஒயிட் மவுண்டன்ஸ் மலைத்தொடரில் இருக்கிறது ஃபிரான்கோனியா முகடு. அதன் உச்சந்தலையில் வகிடு எடுத்ததுபோல ஓடுவது அப்பலாச்சியன் டிரெயில். ஜார்ஜியாவில் தொடங்கி 14 மாநிலங்களைக் கடந்து மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையில் முடிகிற, ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நடைபாதை. பென்டன் மெக்காய் என்பவர் 1921இல் யோசனை சொன்னார். 1937இல் பாதை முழுமையானது. முனைக்கு முனை நடக்க ஐந்தாறு மாதம் பிடிக்கும். என்னைப் போன்றவர்கள் அதில் ஒரு நாளுக்கு ஒரு விள்ளல் பிய்த்துக்கொண்டு வீடு திரும்புவோம்.

அந்த விள்ளலே பல்லை உடைக்கிறது. நம் மலைப்பாதைகள் கொண்டை ஊசி வளைவு போட்டு மெல்லத் தூக்கிவிடும். இங்கே பாதை போட்டவர்களுக்கு வளைவு என்ற சங்கதியே தெரியாதுபோல. பாறை, வேர், ஓடைத் தண்ணீர் மூன்றையும் கலந்து செங்குத்தாக ஓர் ஏணியைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். 5 கிலோமீட்டர் தூரத்தில் 900 மீட்டர் ஏற்றம். உயரத்தை மட்டும் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். இந்த வட்டாரத்திலேயே உயரமான மவுண்ட் வாஷிங்டன் 1,917 மீட்டர்தான், நம் ஊட்டியைவிடக் குள்ளம். ஆனால் அந்தக் குள்ளன் தலையில் 1934 ஏப்ரல் 12 அன்று வீசிய காற்றின் வேகம் மணிக்கு 372 கிலோமீட்டர் என்று உச்சியில் உள்ள வானிலை நிலையம் அளந்தது. அந்த மலையில் இதுவரை செத்தவர்கள் 150 பேருக்கும் மேல்.

முகட்டுக்குக் கீழே உள்ள கணவாய்க்குள் கார் நுழையும்போது இடப்பக்கம் எட்டிப் பார்த்தேன். அங்கே பாறைச்சரிவில் ஒரு காலத்தில் ஒரு முகம் இருந்தது. கிரானைட் அடுக்குகள் ஐந்து முன்னே துருத்திக்கொண்டு நெற்றி, மூக்கு, தாடை போலத் தெரியும். ‘மலைக்கிழவன்’ என்று பெயர். 1805இல் நில அளவைக்காரர்கள் கண்ணில் பட்டது. பின்னாளில் இந்த மாநிலத்தின் சின்னமே அதுதான் என்றானது. கடவுள் இங்கே மனிதர்களைச் செய்கிறார் என்பதற்கு மாட்டிய பெயர்ப்பலகை அது என்று அந்தக் காலத்து அரசியல் தலைவர் ஒருவர் சொன்னதாகச் சொல்வார்கள். நம் ஊராக இருந்தால் சுயம்பு என்று பெயர் வைத்து உண்டியலும் வைத்திருப்போம்.

கடவுள் செதுக்கிய அந்த முகம் விழுந்துவிடாமல் இருக்க மனிதர்கள் இரும்புக் கம்பி போட்டு முறுக்கி இழுத்துக் கட்டினார்கள். விரிசலில் சிமெண்ட் பூசினார்கள். ஒரு குடும்பம் தலைமுறையாக வருடா வருடம் கயிற்றில் தொங்கி அதற்குப் பராமரிப்புப் பார்த்தது. விரிசலுக்குள் புகுந்த தண்ணீர் உறையும், உருகும், மறுபடி உறையும். அதற்குப் பக்தியும் தெரியாது, பராமரிப்பும் தெரியாது. 2003 மே 3 அன்று கிழவன் சரிந்து விழுந்தான். ஜனங்கள் வந்து அடிவாரத்தில் பூ வைத்து அழுதார்கள். நான் கேலி செய்யவில்லை. பார்த்துப் பழகிய முகம் போனால் அழுகை வரத்தான் செய்யும். ஆனால் மலைக்கு முகம் இருந்ததே இல்லை; அதைப் பார்த்த நமக்கு இருந்தது. மலைமேல் கால் வைப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் என்னைப் பொறுத்தவரை இதுதான். அது நம்மை அழைப்பதில்லை, சோதிப்பதில்லை, ஏற்றுக்கொள்வதில்லை, தண்டிப்பதும் இல்லை. நாம் வந்ததே அதற்குத் தெரியாது.

காலை எட்டுக்கு ஏறத் தொடங்கினேன். அருவி மூன்று. கடைசி அருவி 24 மீட்டர். அதன் பக்கத்து ஈரப்பாறையில் கால் வழுக்கி, முழங்கால் அடிபட்டு, ஒரு வேரைப் பிடித்துத் தொங்கிய அரை நொடியில் என் வாயில் வந்த சொல் “முருகா”. நாற்பது வருடமாகக் கோயிலுக்குப் போகாதவன் நான். பழக்கம் நாக்கில் உட்கார்ந்திருக்கிறது, இறக்கிவிட முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். என்னைப் பிடித்தது முருகன் இல்லை, ஸ்புரூஸ் மரத்து வேர். எழுந்ததும் அந்த வேரைத் தட்டிக்கொடுத்தேன்.

வயதான ஆம்பிளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ஒதுங்க வேண்டியிருக்கும். ஒதுங்கினேன். ஆனால் பாதையோர மரத்தில் அடித்திருந்த வண்ணப் பட்டையை விட்டுக் கண்ணை எடுக்காமல், நாலே அடி. வெட்கம் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

2013 ஜூலை 22. இதே அப்பலாச்சியன் பாதை, மெய்ன் மாநிலம். 66 வயதுப் பெண்மணி, ஓய்வுபெற்ற செவிலியர், பல மாதமாக நடந்து வருகிறவர். உடன் வந்த தோழி இடையில் ஊர் திரும்பிவிட்டதால் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். ஒதுங்குவதற்காகப் பாதையை விட்டு இறங்கினார். திரும்பி வரப் பாதையைக் காணோம். அந்தக் காடு அப்படி. பத்தடி தள்ளினால் நாலு பக்கமும் ஒரே மாதிரி. கணவருக்குச் செய்தி தட்டினார்: வழி தவறிவிட்டது, உதவிக்கு ஆள் சொல்லுங்கள். சிக்னல் இல்லை. உயரமான இடம் தேடி ஏறி மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்தார். ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. அந்த மாநிலம் அதுவரை நடத்திய பெரிய தேடல்களில் ஒன்று அவருக்காக நடந்தது. கூடாரம் போட்டு ஏறக்குறைய ஒரு மாதம் உயிரோடு இருந்திருக்கிறார். நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். உடல் கிடைத்தது 2015 அக்டோபரில், பாதையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில்.

அந்த ஒரு மாதத்தில் அவருக்காக எத்தனை பேர் மண்டியிட்டிருப்பார்கள்? பிரார்த்தனைக்குப் பலன் உண்டென்று சொல்கிறவர்கள் இந்தக் கதையைச் சொல்வதில்லை. திரும்பி வந்தவன் கதை மட்டும் சாட்சியாக மேடை ஏறும். திரும்பி வராதவர்கள் சாட்சி சொல்ல வர முடியாது. இதை ஒரு வாதமாகக்கூட நான் வைக்கவில்லை. கடை வைத்திருக்கிற யாருக்கும் தெரிந்ததுதான்: வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத பேரேட்டில் எப்போதும் லாபம்தான் நிற்கும்.

இன்னொரு கணக்கு. 1982 ஜனவரி. மவுண்ட் வாஷிங்டனில் பனிச்சுவர் ஏறப் போன இரண்டு இளைஞர்கள், ஒருவருக்கு 17 வயது, மற்றவருக்கு 20, பனிப்புயலில் திசை தப்பி மறுபக்கப் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டார்கள். மூன்று ராத்திரி பனியில் கிடந்தார்கள். தேடப் போன தொண்டர்களில் ஒருவர் ஆல்பர்ட் டௌ. 28 வயது. அந்தப் பையன்களை முன்னே பின்னே பார்த்தது கிடையாது. தேடுகிற வழியில் பனிச்சரிவு அவர்மேல் இறங்கியது. செத்துப்போனார். பையன்களைக் கடைசியில் கண்டுபிடித்தவர் தேடல் குழுவிலேயே இல்லாத ஒரு பெண். பனியில் நடைபழக வந்தவர், ஒழுங்கில்லாமல் போகிற காலடித் தடங்களைப் பார்த்தார், இது சரியில்லையே என்று பின்தொடர்ந்தார்.

பதினேழு வயதுக்காரர் பெயர் ஹியூ ஹெர். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலையும் எடுத்தார்கள். தனக்கான செயற்கைக் கால்களைத் தானே வடிவமைத்துக்கொண்டு மறுபடி பாறை ஏறினார். இன்றைக்கு எம்.ஐ.டி.யில் பேராசிரியர், இயந்திரக் கால் செய்வதில் உலகம் திரும்பிப் பார்க்கிற ஆள். என் மகள் வீட்டிலிருந்து அவருடைய ஆய்வுக்கூடம் ரயிலில் போகிற தூரம்தான். டௌவின் சாவுதான் தன்னை உருப்படியாக எதையாவது செய்யத் துரத்தியது என்று பலமுறை சொல்லியிருக்கிறார். கூடப் போன நண்பருக்கும் ஒரு கால் போனது, விரல்கள் போயின. அவர் பின்னாளில் கிறிஸ்தவ போதகர் ஆனார்.

அந்தப் போதகரை நான் குறை சொல்லவில்லை. மூன்று ராத்திரி அந்தக் குளிரில் கிடந்தவர் எதைப் பிடித்துக்கொண்டு பிழைத்தாலும் சரி. ஆனால் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு “கடவுள் இரண்டு பேரைக் காப்பாற்றினார்” என்று சொல்கிறவரிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. காப்பாற்றிய கணக்கில் கையெழுத்துப் போட்டவர், டௌ மேல் இறங்கிய பனிச்சரிவிலும் கையெழுத்துப் போட வேண்டாமா? போட மாட்டார் என்றால், அந்த முதல் கையெழுத்தும் அவருடையது இல்லை. அப்படியானால் நன்றி எங்கே போக வேண்டும்? தடத்தைப் பார்த்து நின்ற ஒரு பெண்ணின் கவனத்துக்கு. ராத்திரியில் வீட்டை விட்டுக் கிளம்பிய சில டஜன் பேருக்கு. திரும்பி வராத ஒருவருக்கு. இத்தனை பேருடைய கடிதத்தையும் மொத்தமாகக் கட்டி வேறொரு முகவரிக்கு அனுப்புகிறோம். அதைப் பணிவு என்று வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

என் ஊர் கோயம்புத்தூர். இருபத்திரண்டு வயதில் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கி வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியிருக்கிறேன். இறங்கும்போது எனக்கு முன்னால் டோலி கட்டி ஒருவரைக் கீழே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். நெஞ்சுவலி, மேலேயே முடிந்துவிட்டது. சுற்றி நின்றவர்களில் ஒரு பெரியவர் கைகூப்பி, “கொடுத்து வெச்ச மனுசன், ஈசன் மடியிலயே போயிட்டான்” என்றார். எல்லாரும் ஆமோதித்தார்கள். டோலியை இறக்கி வைத்த நாலு பேரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். ஒருவருடைய தோளில் மூங்கில் அழுத்திய இடத்தில் தோல் உரிந்து சிவப்பாகத் தெரிந்தது. அவருக்கு யாரும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. ஈசனைப் பற்றிய பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நான் நாத்திகன் ஆனது எந்தப் புத்தகத்தைப் படித்தும் இல்லை. அந்தத் தோள்தான்.

இங்கே ஒயிட் மவுண்டன்ஸில் கால் ஒடிந்த ஒருவரைக் கீழே கொண்டுவர ஸ்ட்ரெச்சரை ஒரு நேரத்துக்கு ஆறு பேர் பிடிக்க வேண்டும். அவர்கள் களைத்தால் மாற்ற இன்னும் ஆறு பேர், அதற்கு மேலும் ஆறு பேர். பொறுப்பு மாநில மீன், வனவிலங்குத் துறையினுடையது. கூட வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பகலில் தச்சு வேலையும் பள்ளி வேலையும் பார்த்துவிட்டு ராத்திரியில் மலையேறுகிறவர்கள். பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மாநிலத்தில் பதிவாகிற ஒவ்வொரு படகுக்கும் பனிவண்டிக்கும் கட்டணத்தோடு ஒரு டாலர் இதற்காகப் பிடிக்கிறார்கள். அதாவது, ஏரியில் மீன் பிடிக்கிறவன் கொடுக்கிற காசில், மலையில் தனிமை தேடி வந்தவனைத் தேடுகிறார்கள்.

இந்த ஊர்க் கார்களின் நம்பர் பலகையில் ஒரு வாசகம் உண்டு. சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப்போ. (இதைத் தன் காரில் சுமக்க மாட்டேன், எனக்கு உயிர்தான் பெரிது என்று ஒரு விசுவாசி பலகையை மூடி மறைத்துச் சிறைக்கே போனார். 1977இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மதம் சில நேரம் நல்ல கேள்வி கேட்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.) இப்படி வாசகம் வைத்திருக்கிற மாநிலம்தான், காப்பாற்றியபின் பில் நீட்டுகிறது. 2009 ஏப்ரலில் 17 வயதுச் சாரணன் ஒருவன் மவுண்ட் வாஷிங்டனுக்கு ஒரு நாள் நடையாகத் தனியே போனான். கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. குறுக்கு வழியில் இறங்கப் பார்த்து, உருகிய பனியிலும் வெள்ளத்திலும் மாட்டினான். கை கழுவுகிற ஜெல்லை வைத்து நெருப்பு மூட்டி மூன்று ராத்திரியைக் கழித்தான். முதலில் அவன் சாமர்த்தியத்தை எல்லாரும் புகழ்ந்தார்கள். பிறகு தபாலில் பில் வந்தது: 25,238 டாலர். அடிபட்ட காலோடு தொடர்ந்ததும், குறியிட்ட பாதையை விட்டதும் அலட்சியம் என்றது துறை.

நம்மில் பலருக்கு இதைக் கேட்டதும் கோபம் வரும். உயிருக்கு விலை பேசலாமா என்போம். விலைமதிப்பில்லாத உயிர் என்று நாம் வாயாரச் சொல்வோம். ஆனால் நம் தமிழ்நாட்டில் ‘விலையில்லா’ என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். விலையில்லா அரிசி, விலையில்லா மிதிவண்டி. உயிருக்கு விலையில்லை என்கிறபோது நாம் மனசுக்குள் நினைப்பதும் அதைத்தான்: நம்மைத் தூக்கிக்கொண்டு வருவது இலவசம். தூக்க வருகிறவனுக்கும் உயிர் ஒன்று உண்டே, அந்த விலையை யார் எழுதுவது?

இருந்தாலும் அந்தப் பில்லை நான் ஆதரிக்கவில்லை. மலை மீட்புத் தொண்டர்களின் அமைப்புகளே எதிர்க்கின்றன, அவர்கள் சொல்கிற காரணம் கறாரானது. பில் வரும் என்று பயந்தவன் மாலை நாலு மணிக்கு உதவி கேட்க மாட்டான். இருட்டி, குளிர்ந்து, விறைத்தபிறகு ராத்திரி பத்து மணிக்குக் கேட்பான். அப்போது அவன் உயிரும் ஆபத்தில், தேடப் போகிறவர்கள் உயிரும் ஆபத்தில். தண்டனை நியாயமானதா என்று கேட்பதைவிட, அதனால் யார் சாவார்கள் என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆகவே காசை முன்னாலேயே வாங்கு. அதையும் இந்த மாநிலம் செய்கிறது. 2015 முதல் ஓர் அட்டை தருகிறார்கள், ஆளுக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35. வாங்கி வைத்திருந்தால், அலட்சியத்தால் மாட்டிக்கொண்டாலும் பில் வராது. வேண்டுமென்றே உயிரோடு விளையாடினால் மட்டும் வரும். இதுவும் ஓர் உண்டியல்தான். ஆனால் இந்த உண்டியலில் போட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு நிஜமாகவே ஆள் வருகிறது.

நான் அந்த அட்டையை வாங்கவில்லை. மகள் இணையத்தில் வாங்கச் சொன்னாள். ஒரு நாள் நடைக்கு எதற்கு இரண்டாயிரம் ரூபாய் தண்டம் என்று விட்டுவிட்டேன். கோயம்புத்தூர்க்காரப் புத்தி.

இதையெல்லாம் சொல்வதால், தனியாகப் போவதே தப்பு என்று நான் தீர்ப்பு எழுதுவதாக நினைக்க வேண்டாம். இங்கே நடையர்களுக்கென்று எழுதி வைத்திருக்கும் விதிகளில் ‘சேர்ந்தே இருங்கள்’ என்பதும் ஒன்று. நல்ல விதிதான். ஆனால் எம்மா கேட்வுட் என்ற பெண்மணியை நினைத்துக்கொள்கிறேன். 1955இல், 67 வயதில், அப்பலாச்சியன் டிரெயில் முழுவதையும் தனியாக நடந்து முடித்த முதல் பெண். பதினொரு பிள்ளை பெற்றவர். கான்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த ஒரு துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. பிள்ளைகளிடம் “கொஞ்சம் நடந்துட்டு வரேன்” என்ற மாதிரிச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர். பல வருடம் கணவன் கையால் அடிபட்டு, பல் உடைந்து, விலா உடைந்து வாழ்ந்தவர். அவரிடம் போய் “பெண்பிள்ளை தனியாகக் காட்டுக்குப் போகலாமா, ஆபத்தாச்சே” என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? அவருக்கு ஆபத்து காட்டில் இருக்கவில்லை. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது. ஆகவே யார் தனியாகப் போகலாம், கூடாது என்று பேச எனக்கு வாய் இல்லை. அவரும்கூட வழியெல்லாம் யார் யாரோ வீட்டுத் திண்ணையில் படுத்தார், யார் யாரோ போட்ட சோற்றைத் தின்றார், அதை மறைக்கவும் இல்லை.

மரங்கள் குட்டையாகி, இடுப்பளவாகி, முழங்காலளவாகி, நின்றுபோயின. லிட்டில் ஹேஸ்டாக் உச்சியில் வெறும் பாறை. 12.20. இங்கிருந்து முகடு வடக்கே லிங்கன், அதற்கப்பால் லஃபாயட் என்று முதுகெலும்புபோல நீள்கிறது. வெள்ளைப் பட்டைகள் பாறைமேல் வழி சொல்கின்றன. பாதையின் இருபுறமும் கணுக்கால் உயரத்துக்குக் கற்களை அடுக்கியிருக்கிறார்கள். மலைச்செடிகள்மேல் யாரும் மிதித்துவிடாமல் இருக்க. உள்ளங்கை அகல மெத்தைபோல ஒரு செடி, அது அந்த அகலம் வருவதற்குப் பல பத்து வருடம் பிடித்திருக்கும். அதன் பக்கத்தில் உட்கார்ந்து சப்பாத்தியைத் தின்றேன். மேற்கே பள்ளத்துக்கு அப்பால் மலைக்கிழவன் இருந்த காலியிடம்.

லிங்கன் உச்சிக்கு நாலு பாகத்தில் ஒரு பாகம் பாக்கி இருக்கும்போது மேகம் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே லஃபாயட் காணாமல் போயிற்று. மணி ஒன்று. காற்று குளிர்ந்தது, ஆனால் ஆளைத் தள்ளும் அளவுக்கு இல்லை. போயிருக்கலாம். உடம்பிலும் தெம்பு இருந்தது. எட்டாயிரம் மைல் பறந்து வந்து, இன்னும் ஒரு மணி நேரத்தில் இருக்கிற சிகரத்தைத் தொடாமல் திரும்புகிறவனை ஊரில் என்ன சொல்வார்கள் என்றும் தோன்றியது. ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளை நினைத்துக்கொண்டேன். அந்த 1 மணி என்னுடையது இல்லை. அதை நம்பி ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போனை எடுத்து அவளுக்கு ஒரு மெசேஜ் தட்டி அனுப்பிவிட்டு, போனை ஜெர்க்கினுக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டுத் திரும்பினேன்.

இறங்குகிற வழியில், 2.45 இருக்கும், ஒரு பையன் எதிரே வந்தான். கல்லூரி மாணவன். துணி ஷூ, பருத்திச் சட்டை, கையில் அரை லிட்டர் தண்ணீர். உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டான். சொன்னேன். முழு வட்டமும் போவதாகத் திட்டம் என்றான். செப்டம்பர் கடைசியில் இங்கே ஆறரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், டார்ச் இருக்கிறதா என்றேன். போனைக் காட்டினான். 34 சதவீதம். திரும்பிவிடு தம்பி என்றேன். சிரித்தான். அழகான சிரிப்பு, இருபது வயதில் எனக்கும் இருந்த சிரிப்பு.

தலையில் மாட்டுகிற என் ஹெட்லைட்டை எடுத்துக் கொடுத்தேன். கீழே பார்க்கிங்கில் இருப்பேன், கொண்டுவந்து கொடு என்றேன். வாங்கி மாட்டிக்கொண்டு தாவித் தாவி ஏறினான்.

அவன் மறைந்தபிறகு அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். நான் செய்தது உதவியா? விளக்கு கிடைக்காமல் இருந்திருந்தால், ஒரு வளைவு தாண்டி யோசித்துத் திரும்பியிருப்பானோ? விளக்கைக் கொடுத்து, இருட்டுக்குள் போக அனுமதிச் சீட்டும் சேர்த்துக் கொடுத்துவிட்டேனோ? அட்டை விற்கிற மாநிலத்துக்கும் எனக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று ஏறுகிறவனும், ஹெலிகாப்டர் வரும் என்று ஏறுகிறவனும், கிழவன் விளக்குக் கொடுத்தான் என்று ஏறுகிறவனும் செய்வது ஒரே காரியம். ஒரே வேறுபாடு, கடைசி இரண்டில் கேள்வி கேட்க ஒரு ஆள் இருக்கிறான். அந்த மூன்றாவதில் நான் சிக்கிக்கொண்டதுபோல.

ஐந்து பத்துக்குக் கீழே வந்தேன். வார நாள். பார்க்கிங்கில் மகளுடைய காரும், பழைய சின்னக் கார் ஒன்றும் மட்டும் நின்றன. ஷூவைக் கழற்றி, ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை ஊற்றிக்கொண்டேன். போனைப் பார்க்கத் தோன்றவில்லை. திரும்பிவிட்டேன் என்றுதான் மேலேயே சொல்லியாயிற்றே. விளக்குக் கொடுத்தவன் போய்விடுவது சரியில்லை என்று உட்கார்ந்திருந்தேன். ஆறு. ஆறரை. மரங்களுக்கு நடுவே வெளிச்சம் வற்றியது. ஏழு. குளிர் தாங்காமல் காருக்குள் ஏறிக்கொண்டு, பாதை காட்டுக்குள் நுழைகிற இடத்தையே பார்த்தேன்.

ஏழு இருபதுக்கு ஒரு பிக்கப் வண்டி உள்ளே திரும்பி, நேராக என் காருக்குப் பின்னால் வந்து நின்றது. சீருடையில் ஒரு அதிகாரி. டார்ச்சை முதலில் நம்பர் பலகையில் அடித்தார், பிறகு என் முகத்தில். கையில் இருந்த குறிப்பைப் படித்தார். நீல ஜெர்க்கின். அறுபத்தொரு வயது. ஃபாலிங் வாட்டர்ஸ். தனியாக. நீங்கள்தானா?

நான்தான் என்றேன்.

எப்போது இறங்கினீர்கள் என்றார். ஐந்து பத்துக்கு என்றேன். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. மகளுக்கு மெசேஜ் அனுப்பினேன் என்று போனை எடுத்துக் காட்டினேன். மெசேஜ் மேலேயே போகாமல் நின்றுவிட்டிருந்தது. பள்ளத்திலும் என் போனுக்குச் சிக்னலே இல்லை. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அட்டை இருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேலே ஒரு பையன் இருக்கிறான் என்றேன். துணி ஷூ, பருத்திச் சட்டை, என் ஹெட்லைட். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று கேட்டு எழுதிக்கொண்டார். வண்டியின் பின்கதவைத் திறந்து ஒரு முதுகுப்பையை இழுத்துத் தோளில் போட்டு, ஷூ நாடாவை இறுக்கினார். என் வயதுக்குப் பத்து வருடம் குறைவாக இருக்கலாம். குனியும்போது முழங்காலில் கையை ஊன்றித்தான் குனிந்தார். நெடுஞ்சாலையில் தெற்கே கொஞ்ச தூரம் போனால் சிக்னல் கிடைக்கும், முதலில் உங்கள் மகளைக் கூப்பிடுங்கள் என்று முதுகைக் காட்டியபடியே சொன்னார்.

காரைக் கிளப்பித் திருப்பும்போது, காட்டுக்குள் வெகு தூரத்தில் சின்ன வெளிச்சம் ஒன்று ஆடி ஆடி இறங்குவதுபோலத் தெரிந்தது. அதிகாரி டார்ச்சை உயர்த்திப் பிடித்து அதைப் பார்த்து நடந்தார்.

சாலையில் மூன்று நிமிடம் போயிருப்பேன். மடியில் கிடந்த போன் வரிசையாக அதிர ஆரம்பித்தது. ஓரம் கட்டி மகளைக் கூப்பிட்டேன். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

“அப்பா,” என்றாள், “இப்பத்தான் உங்க மெசேஜ் வருதுங்ப்பா. ‘மணி 1. திரும்பிட்டேன் சாமி. கவலப்படாத.’”